பெற்றோரின் சமூக ஊடகப் பழக்கத்தை அளப்பது எப்படி?

நேற்று எவ்வளவு நேரம் சமூக ஊடகத்தில் இருந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலான பெற்றோர் சொல்லும் விடை கணக்கிட்டதாக இராது, ஊகித்ததாகவே இருக்கும். நாள் முழுவதும் ஓரிரு நிமிடங்களாகச் சிதறிக் கிடக்கும் செயலை மனம் கூட்டி வைத்துக்கொள்வதில்லை. பலரும் தாமே சொன்ன ஊடகப் பயன்பாட்டையும் கருவிகள் பதிவுசெய்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 2021-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழ் வெளியிட்ட கட்டுரை, இரண்டுக்கும் நடுத்தர அளவிலான தொடர்பே இருப்பதைக் காட்டியது.

அப்படியானால் கைபேசியின் பதிவையே எடுத்துக்கொள்ளலாமே எனத் தோன்றும். ஆனால் அந்த நாற்பது நிமிடங்களில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்ததா, அருகில் நின்று எதையோ சொல்ல முயன்றதா என்பது அதில் இராது. ஆகவே ஆய்வாளர்கள், "பிள்ளை பேசும்போது கைபேசியைப் பார்க்கிறேன்" போன்ற கூற்றுகளைத் தந்து, 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். இத்தகைய படிநிலை விடைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி அளக்கும் முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் முன்வைத்தார்.

கூற்றை எழுதுவதுதான் உண்மையில் கடினம். "பிள்ளையின் சமூக ஊடகப் பயன்பாட்டைக் கண்காணிக்கிறேன்" என்பதற்கு மூன்று பேர் 'எப்போதும்' என்று குறிக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒருவர் நேர வரம்பு வைத்திருக்கிறார். இன்னொருவர் பிள்ளைக்குத் தெரியாமல் செய்திகளைப் படிக்கிறார். மூன்றாமவர் பார்த்தவற்றைப் பற்றிப் பிள்ளையோடு பேசுகிறார். மதிப்பெண் ஒன்று, வீடுகளோ மூன்று விதம். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, பெற்றோர் தலையிடும் விதத்தை, கட்டுப்படுத்துதல், விளக்கிப் பேசுதல், உடனமர்ந்து பார்த்தல் என்று மூன்றாகப் பட்டி வால்கன்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1999-இலேயே பிரித்திருந்தார்கள். சமூக ஊடகத்துக்கும் அப்படித் தனித்தனிக் கூற்றுகள் வேண்டும். எந்தெந்த விடைகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு, அந்தப் பிரிவுகள் தரவிலும் தென்படுகின்றனவா என்பதைச் சோதிக்கிறது. ஒரே பிரிவிலுள்ள கூற்றுகளின் இசைவை 1951-இல் லீ கிரோன்பாக் விளக்கிய ஆல்பா என்ற எண் சொல்லும். அது மிக உயர்ந்திருந்தால் நான் மகிழ மாட்டேன், ஒரே கேள்வியைச் சொல் மாற்றித் திரும்பக் கேட்டாலும் அது உயரும்.

நல்ல பெற்றோராகத் தெரிய வேண்டும் என்ற விருப்பமும் விடையைச் சாய்க்கிறது. இதற்காகவே அதே கூற்றுகள் பிள்ளையிடமும் கேட்கப்படுகின்றன. வீட்டில் விதிகள் இருப்பதாகப் பெற்றோர் சொல்லும் அளவுக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த இடைவெளியைப் பிழையென்று ஒதுக்கிவிட முடியாது. பெற்றோர் வகுத்த விதி பிள்ளையிடம் விதியாகப் போய்ச் சேரவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.