டவுன்லோடபிள் கேரக்டர்: தமிழில் ஏற்றுரு

ஊசிகளால் இடித்துப் புள்ளி புள்ளியாக அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் பழைய கையேடுகளைப் புரட்டினால் 'டவுன்லோடபிள் கேரக்டர்' என்ற தலைப்பு கண்ணில் படும். சிலவற்றில் 'யூசர் டிஃபைன்டு கேரக்டர்' என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான். பிரிண்டரோடு வந்த எழுத்துகள் அதன் ரோம் நினைவகத்தில் பதிந்திருக்கும். நமக்கு வேண்டிய குறி அவற்றில் இல்லையென்றால், அதன் புள்ளி வடிவத்தை நாமே வகுத்துக் கணினியிலிருந்து பிரிண்டரின் ராம் நினைவகத்துக்கு அனுப்பலாம். அப்படிப் போய்ச் சேரும் எழுத்துக்குத்தான் இந்தப் பெயர். பிரிண்டரை அணைத்தால் அது போய்விடும். மறுநாள் மறுபடி அனுப்ப வேண்டும்.

'கேரக்டர்' கிரேக்கத்திலிருந்து வந்தது. பொறிக்கும் கருவிக்கும், அது விட்டுச்செல்லும் தடத்துக்கும் அங்கே அதே சொல். திரையில் ஒளிரும் எழுத்தைவிட, ஊசி ரிப்பனில் இடித்துத் தாளில் பதிக்கும் எழுத்துக்கு அந்தப் பழம்பொருள் நன்றாகவே பொருந்துகிறது.

சிக்கல் 'டவுன்லோடு' என்பதில்தான். 1970களில் கணினித் துறையில் பரவிய சொல் இது. மேலே இருக்கும் பெரிய கணினியிலிருந்து அதற்குக் கீழே வேலை செய்யும் கருவிக்கு நிரலையோ தரவையோ ஏற்றுவது என்று பொருள். இன்று இணையத்திலிருந்து நம் கணினிக்கு எடுப்பதையே டவுன்லோடு என்கிறோம். அதனால் நம் கணினியை விட்டு வெளியே போகிற எழுத்துக்கு அந்தப் பெயர் தலைகீழாகப் படுகிறது. பிரிண்டரின் பக்கம் நின்று பார்த்தால் குழப்பமில்லை.

தமிழில் பதிவிறக்கம், தரவிறக்கம் இரண்டும் வேரூன்றிவிட்டன. அவற்றை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தில் 'இறக்க எழுத்து' என்றால் பொருள் கெடுகிறது. லாரியில் லோடு ஏற்றுகிறோம், சேர வேண்டிய ஊரில் இறக்குகிறோம். இறக்கினால் லாரி காலி. இங்கே எழுத்து பிரிண்டருக்குள் போய் உட்காருகிறது. ஆங்கிலச் சொல்லிலும் உயிர் 'லோடு'தான், 'டவுன்' வெறும் திசை. நாம் திசையைப் பிடித்துக்கொண்டு செயலை விட்டுவிட்டோம்.

'பயனர் வரையறுத்த எழுத்துரு' என்றும் சொல்லலாம். நீளம் ஒருபுறம் இருக்கட்டும், எழுத்துரு என்றால் இன்று ஃபான்ட் முழுவதையும் குறிக்கிறது. 'உரு' மட்டும் போதும். மகரக்குறுக்கத்தைச் சொல்லும்போது தொல்காப்பியம் 'உட்பெறு புள்ளி உருவாகும்மே' என்கிறது. எழுத்தின் வரிவடிவத்துக்கு அத்தனை பழைய சொல் அது. ஏற்று, உரு இரண்டும் சேர்ந்தால் ஏற்றுரு. ஜப்பானியர் 'கைஜி', அதாவது புற எழுத்து என்பார்கள். தொகுதிக்கு வெளியே நிற்பது என்று பொருள். அதுவும் நல்ல பெயர்தான். ஆனால் உள்ளே ஏற்றும் செயல் அதில் இல்லை.

ஓர் ஏற்றுருவைச் செய்து பார்ப்போம். தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது. அதற்கு முன் செய்த பிரிண்டர்களின் ரோமில் அது இருக்க வழியில்லை.

எப்சனின் 9 ஊசி பிரிண்டர்களில், சாதாரண டிராஃப்ட் அச்சில், ஓர் எழுத்துக்கு 11 நெடுவரிசை, 8 ஊசி. மேலிருந்து கீழாக ஊசிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஒரு நெடுவரிசையில் எந்தெந்த ஊசி இடிக்க வேண்டுமோ அவற்றைக் கூட்டினால் அதன் எண் கிடைக்கும். ஒரு கட்டுப்பாடு உண்டு. இடித்த ஊசி பின்வாங்க நேரம் வேண்டும். ஆகவே ஒரே ஊசி அடுத்தடுத்த இரு நெடுவரிசைகளில் இடிக்கக் கூடாது. கிடைக்கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் வைக்க வேண்டும்.

₹ குறியின் மேல்கோட்டுக்கு 128, இரண்டாம் கோட்டுக்கு 32, வளைவின் அடிக்கு 8. கூட்டினால் 168. அது 1, 3, 5ஆம் நெடுவரிசைகளுக்கு. வளைவின் முதுகு 7ஆவதில், 128, 64, 32, 16 சேர்ந்து 240. கோடுகளின் நுனி 9ஆவதில் 160. சாய்ந்த காலுக்கு 4ஆவதில் 4, 6ஆவதில் 2. ஆக மொத்தம்:

168, 0, 168, 4, 168, 2, 240, 0, 160, 0, 0

இனி பிரிண்டருக்குக் கட்டளைகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வரும் 27, அடுத்து வருவது அச்சிட வேண்டிய எழுத்தல்ல, கட்டளை என்று சொல்லும் 'எஸ்கேப்' குறியீடு. முதலில் 27, 58, 0, 0, 0 அனுப்பினால் ரோம் எழுத்துகள் ராமுக்கு நகலாகும். இல்லாவிட்டால் ₹ தவிர வேறெதுவும் அங்கே இருக்காது. பிறகு 27, 38, 0, 36, 36, 139, அதைத் தொடர்ந்து மேலே உள்ள 11 எண்கள். 36 என்பது டாலர் குறியின் இடம்; மாற்றும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதுவே என்பதால் இருமுறை வருகிறது. 139இல் 128 மேல் எட்டு ஊசிகளைத் தேர்கிறது, மீதி 11 எழுத்தின் அகலம். சில மாடல்களில் இதற்கெல்லாம் முன்பே, பிரிண்டரின் அமைப்பை மாற்றும் சிறு சுவிட்சான டிப் சுவிட்சை மாற்றி நினைவகத்தை ஏற்றுருவுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

கடைசியாக, ராமில் உள்ள எழுத்துகளைப் பயன்படுத்தச் சொல்லும் 27, 37, 1. இனி பில்லில் டாலர் குறி வரும் இடமெல்லாம் ₹ விழும். உண்மையான டாலர் குறி தேவைப்படும்போது 27, 37, 0 அனுப்பினால் பழைய எழுத்துகள் திரும்பி வரும்.