நினைவில் வைக்க மூன்று போதும்

“பதினான்கு எழுத்து மேடம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாமே இருக்கு. இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இப்படிக் கேட்டவர் ஒரு கணக்காளர். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். அவருடைய மின்னஞ்சலிலிருந்து அவருடைய வாடிக்கையாளர்களுக்கு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி பணத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று கடிதம் போயிருந்தது. அவர் எழுதாத கடிதம். மின்னஞ்சல் அமைப்புகளைத் திறந்து பார்த்தோம். உள்ளே வருகிற ஒவ்வொரு அஞ்சலின் நகலும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போகும்படி யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். மாற்றிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

அந்தக் கடவுச்சொல்லை யாரும் ‘கண்டுபிடிக்க’ வேண்டியிருக்கவில்லை. என்றோ ஒரு சிறிய தளத்தில் அவர் பதிவு செய்திருந்தார், அதே பதினான்கு எழுத்தைப் போட்டு. அந்தத் தளத்திலிருந்து தகவல் கசிந்தது. கசிந்த பட்டியலில் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதை எடுத்தவர்கள் அப்படியே அவருடைய மின்னஞ்சலில் போட்டுப் பார்த்தார்கள், திறந்துகொண்டது.

கணக்கு பறிபோனவர்களுக்கு உதவுவதுதான் என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் “என் பாஸ்வேர்டு பலமானதுதானே?” என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: “இதே பாஸ்வேர்டு வேறு எங்கே இருக்கிறது?” பலமான பூட்டு ஒன்றை வாங்கி, அதன் சாவியை இருபது பேரிடம் கொடுத்து வைத்தால், அந்த இருபது பேரில் யார் கவனக்குறைவானவரோ அவர் அளவுக்குத்தான் நம் வீட்டுக்குப் பாதுகாப்பு.

தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் இதில் தப்புவதில்லை. 2012ல், கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்க உதவும் டிராப்பாக்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரின் கணக்குக்குள் வேறொரு தளத்திலிருந்து திருடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்தார்கள். அந்த ஆண்டில் அந்நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் 2016ல் வெளியே சுற்றத் தொடங்கின. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் நடந்த திருட்டும் 2012ல்தான். முதலில் சுமார் 65 லட்சம் கடவுச்சொற்கள் என்றார்கள், நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அது 11.7 கோடி. ஆகவே கசிந்த செய்தி நம் காதுக்கு வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தை டிராய் ஹன்ட் என்பவர் 2013 முதல் நடத்திவருகிறார். அதில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவுகளில் அது அகப்பட்டிருக்கிறது என்று தெரியும். கணக்காளர் பார்த்தார். நான்கு தளங்கள் வந்தன. அதில் இரண்டின் பெயரே அவருக்கு ஞாபகமில்லை.

சரி, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கடவுச்சொல் என்றால் நூற்றுக்கணக்கில் வருமே, யார் நினைவில் வைப்பது? யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கணினி அல்லது கைப்பேசியைத் திறக்க ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜருக்கு ஒன்று. மற்ற எல்லாவற்றையும் மேனேஜர் தானே உருவாக்கட்டும், தானே நினைவில் வைக்கட்டும். அவை எப்படி இருக்கின்றன என்று நீங்கள் பார்க்கவே தேவையில்லை.

மின்னஞ்சலைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எந்தத் தளத்திலும் “கடவுச்சொல் மறந்துவிட்டதா?” என்று அழுத்தினால் புதிய இணைப்பு எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்குத்தான். அது ஒருவர் கையில் இருந்தால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

அந்த மூன்றும் எப்படி இருக்க வேண்டும்? இங்கேதான் மனித மனம் நம்மைக் கைவிடுகிறது. முதல் எழுத்தைப் பெரிதாக்குவோம். கடைசியில் பிறந்த ஆண்டைச் சேர்ப்போம். ‘ஏ’ வரும் இடத்தில் ‘அட்’ குறி, ‘எஸ்’ வரும் இடத்தில் டாலர் குறி, முடிவில் ஓர் ஆச்சரியக்குறி. நாம் மட்டும் செய்யும் தந்திரம் என்று நினைக்கிறோம், எல்லோரும் இதையேதான் செய்கிறோம். கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களில் இந்த மாற்றங்கள் முழுவதும் விதிகளாக எழுதப்பட்டிருக்கின்றன, முதலில் அவற்றைத்தான் முயன்று பார்க்கும். 2009ல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள், மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல், எழுதியது எழுதியபடியே திருடப்பட்டன. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாகத் தட்டியதுதான் அதில் முதலிடம். அந்தப் பட்டியல் இன்றும் உடைப்பவர்களின் கையேடு. மனிதர்கள் எப்படி யோசிப்பார்கள் என்பதை அது கோடிக்கணக்கான உதாரணங்களோடு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அதனால் கடவுச்சொல்லை நீங்கள் யோசிக்காதீர்கள். பகடை யோசிக்கட்டும்.

அர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995ல் சொன்ன வழி இது, டைஸ்வேர் என்று பெயர். ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் கிடைக்கும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஆறு சொற்கள். பட்டியல் திருடனுக்குத் தெரிந்தாலும் கவலையில்லை, பகடை எப்படி விழுந்தது என்பது அவனுக்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் உருமாற்றி வைக்கும், அதைத் திருடியவர்கள் ஒவ்வொரு யூகத்தையும் அதேபோல் உருமாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த உருமாற்றும் முறை வேகமானதாக, சேமிப்புக்கு ஏற்றதல்லாததாக இருந்தால், கடையில் கிடைக்கும் ஒரே ஒரு உயர்தர கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்தாயிரம் கோடி முறை முயன்று பார்க்கும். எட்டுச் சிறிய எழுத்துகள் என்றால் எல்லா வாய்ப்புகளையும் பார்த்து முடிக்க இரண்டு நொடி. பகடை தந்த நான்கு சொற்கள் என்றால் பத்து மணி நேரம். ஐந்து என்றால் ஒன்பது ஆண்டு. ஆறாவது சொல்லைச் சேர்த்தால் சுமார் 70,000 ஆண்டு. நல்ல தளங்கள் வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் முறைகளைப் பயன்படுத்துகின்றன, அங்கே இந்தக் காலம் பல ஆயிரம் மடங்கு நீளும். ஆனால் எந்தத் தளம் எப்படி வைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. அதனால் மோசமான தளத்தை மனதில் வைத்தே கணக்குப் போட வேண்டும்.

தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. பெரிய அகராதி ஒன்றை எடுங்கள். கையால் பிரித்தால் நடுப்பக்கங்களே அதிகம் வரும், ஆகவே பக்க எண்ணைப் பகடையோ சீரற்ற எண் தரும் செயலியோ சொல்லட்டும். பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பதையும் அப்படியே. ‘குடை, நத்தை, ஏணி, மழை, பொறாமை, தச்சர்’ என்று வந்தால் அதுதான். (இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், அச்சில் வந்த எதுவும் இனி உதவாது.) ‘பொறாமை நன்றாக இல்லை, வேறு பார்ப்போம்’ என்று மாற்றத் தொடங்கினால் மறுபடியும் மனித மனம் உள்ளே வந்துவிடும்.

ஆங்கில விசைப்பலகையில் தமிழ்ச் சொல்லைத் தட்டும்போது ஒரு சிக்கல் உண்டு, பலர் இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். ‘மழை’யின் ழகரத்துக்கு ஒரே எழுத்தா, இரண்டு எழுத்தா? ‘ஏணி’யின் நெடிலுக்கு ஓர் ‘ஈ’யா, இரண்டா? இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் தட்டிவிட்டு, சொற்கள் சரியாக ஞாபகம் இருந்தும் வெளியே நிற்பார்கள். எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்து, முடிவு செய்தபடியே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

ஆம், காகிதத்தில்தான். எழுதவே கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லியே மக்களை எளிதான கடவுச்சொற்களின் பக்கம் தள்ளிவிட்டோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005லேயே எழுதி வைத்துப் பர்ஸில் போட்டுக்கொள்ளச் சொன்னார். தொலைதூரத்தில் இருந்து தாக்குகிறவன் உங்கள் பர்ஸைத் திறக்க முடியாது. திரையின் ஓரத்தில் ஒட்டாதீர்கள், கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நினைவில் வைக்கும் விஷயத்துக்கு வருவோம். 2014ல் ஜோசப் போனோ, ஸ்டூவர்ட் ஷெக்டர் என்ற இரு ஆய்வாளர்கள், சீரற்ற முறையில் கொடுத்த ஆறு சொற்களையோ பன்னிரண்டு எழுத்துகளையோ சாதாரண மக்களால் மனனம் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். மொத்தமாக உருப்போடச் சொல்லவில்லை. ஒவ்வொரு லாகினிலும் சிறிது சிறிதாகக் காட்டி, காட்டுவதற்கு முன் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 94 சதவீதம் பேர் கடைசியில் பார்க்காமலே தட்டினார்கள். அதற்குப் பாதிப் பேருக்கு 36 லாகின்களே போதுமானதாக இருந்தன. மூன்று நாளோ அதற்கு மேலோ கழித்துக் கேட்டபோதும் 88 சதவீதம் பேர் பிழையில்லாமல் சொன்னார்கள்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறையும் இதுதான். முதல் நாள் முதல் இரண்டு சொற்கள் மட்டும். காகிதத்தைக் கவிழ்த்து வைத்துத் தட்டுங்கள், தடுமாறினால் மட்டும் திருப்பிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து அடுத்த இரண்டு. ஆறு சொற்களையும் கோத்து ஒரு காட்சியாக மனதில் பார்ப்பதும் உதவும்: குடைக்குக் கீழே நத்தை, நத்தை ஏறுகிற ஏணி. காட்சி அபத்தமாக இருக்க இருக்க நன்றாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் விரல்களே பழகிவிடும். புதிய கடவுச்சொல்லை நீண்ட விடுப்புக்கு முந்தைய நாள் மட்டும் வைக்காதீர்கள்.

நன்றாகப் பழகிய பிறகும் மறக்க வைப்பது ஒன்று உண்டு: விரல்ரேகை. மேனேஜரை மாதக்கணக்கில் விரல் வைத்தே திறந்துவிட்டு, புதுக் கைப்பேசி வாங்கிய அன்று முதன்மைக் கடவுச்சொல் கேட்கும்போது விழிப்பார்கள். பல மேனேஜர்களில் அதை அந்த நிறுவனமே நினைத்தாலும் மீட்டுத் தர முடியாது. வாரம் ஒருமுறையாவது கையால் தட்டித் திறங்கள்.

எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்தால் ஆபத்தில்லையா? நியாயமான கேள்வி. 2022ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திடமிருந்து பயனர்களின் பெட்டகங்களின் நகல்களே திருடப்பட்டன. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டிருந்ததால், பூட்டின் பலம் ஒவ்வொருவருடைய முதன்மைக் கடவுச்சொல்லைப் பொறுத்ததாக ஆயிற்று. பகடை உருட்டியவர்களும் பிறந்த ஆண்டைச் சேர்த்தவர்களும் அன்று ஒரே நிலையில் இல்லை. மேனேஜரில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வங்கித் தளம் போலவே தோற்றமளிக்கும் போலிப் பக்கத்தில் நம் கண் ஏமாறும், மேனேஜர் தளத்தின் முகவரியைப் பார்ப்பதால் அங்கே கடவுச்சொல்லை நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் கையால் ஒட்டிவிடாமல், முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டிக்காக 2003ல் அந்த வழிகாட்டுதலை எழுதிய பில் பர் என்பவரே 2017ல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அந்நிறுவனமும் கட்டாய மாற்றத்தைக் கைவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறார்கள், அதனால் யாருக்கும் லாபமில்லை. கசிந்தது என்று தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை மின்னஞ்சலுக்கும் மேனேஜருக்கும் கட்டாயம் போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி ஒன்றுமே இல்லாததற்கு மேல், ஆனால் தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலி அதைவிட நல்லது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கைப்பேசியோ கணினியோ சாவியாக இருக்கும் முறைக்குப் பாஸ்கீ என்று பெயர், அதைத் தரும் தளங்களில் ஏற்றுக்கொள்ளுங்கள், போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. கைப்பேசி தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் காப்புக் குறியீடுகளை அச்சிட்டு அந்தக் காகிதத்தோடு வையுங்கள். “உங்கள் பள்ளி எது?” போன்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாதீர்கள். 2008ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் நுழைந்தவர், அப்படிப்பட்ட கேள்விகளுக்கான விடைகளை இணையத்தில் தேடியே எடுத்தார்.

அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். ஒரு பெண்மணி கணவரின் கைப்பேசியோடு வந்தார். கணவர் இறந்து இருபது நாள். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதற்குள். கணவர் கவனமான மனிதர், நல்ல கடவுச்சொல், யாரிடமும் சொல்லவில்லை. என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து போனதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கணக்காளர் இரண்டு வாரம் கழித்து வந்தார். காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் முன்னால் தட்டினார். நான்காவது சொல்லில் நின்றார், ழகரத்தில் தவறு. அழித்துவிட்டு மறுபடி தட்டினார், மின்னஞ்சல் திறந்தது. காகிதத்தை உறையில் போட்டு ஒட்டினார். யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“வீட்டுக்காரிகிட்டதான் மேடம். பீரோவில எந்தத் தட்டுன்னும் சொல்லி வெச்சிடுறேன்.”