அஃபேசியா: போனது பேச்சா, மொழியா?

பழைய வண்ணாரப்பேட்டையில் பக்கத்து வீட்டு ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தபோது தெருவே "வாய் போயிடுச்சு" என்றது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த சொல் அஃபேசியா.

கிரேக்கத்தில் 'ஃபாசிஸ்' என்றால் பேச்சு. முன்னால் நிற்கும் 'அ' இன்மையைச் சொல்வது. 'அநீதி'யில் வரும் வடமொழி 'அ'வும் இதற்கு உறவுதான். 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, பெரும்பாலும் 'டான்' என்ற ஓசை மட்டுமே வாயில் வந்த ஒரு நோயாளி இறந்தபின், அவர் மூளையின் இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். அவர் வைத்த பெயர் 'அஃபேமியா'. அதில் அவப்பெயர் என்ற பொருள் ஒலிக்கிறது என்று 1864இல் இன்னொரு பாரிஸ் மருத்துவர் அர்மான் துரூசோ 'அஃபேசியா' ஆக்கினார்.

தமிழில் இதைப் 'பேச்சிழப்பு' என்கிறோம். எனக்கு அது போதவில்லை. ஆயாவின் நாக்கு நன்றாகத்தான் இருந்தது. சாவிக்கொத்தைக் காட்டி "இது என்ன ஆயா?" என்றால், "அது... பூட்டு... இல்ல, இல்ல" என்று தலையை ஆட்டுவார். ஆனால் "ஒண்ணு, ரெண்டு" என்று எடுத்துக்கொடுத்தால் பத்து வரை தங்குதடையில்லாமல் ஓடும். மனப்பாடமான தொடர்கள் இப்படித் தப்புவது உண்டு. ரேஷன் அட்டையில் தன் பெயரைப் படிக்கவும் திணறினார். 1874இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த வகையிலோ பேச்சு சரளமாகக் கொட்டும், பிறர் சொல்வதுதான் புரியாது. அங்கே எந்தப் பேச்சு போயிற்று? அதனால் 'மொழியிழப்பு' என்பதே சரி. வாய்த் தசைகள் சரியாக இயங்காமல் வரும் குழறல் வேறு. அதைப் 'பேச்சுக்குழறல்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

ஆயாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். வடசென்னையில் இது சாதாரணம்; 'நைனா' எந்த மொழி என்று இங்கே யாரும் கேட்பதில்லை. இருமொழிக்காரருக்கு இரண்டும் சேர்ந்தே திரும்பலாம், ஒன்று முந்தலாம். முதலில் கற்றதுதான் தப்பும் என்பது பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் கருத்து. அதிகம் புழங்கியதுதான் முந்தும் என்றார் பிரெஞ்சு மருத்துவர் பீத்ர், 1895இல். இரண்டுமே எல்லோருக்கும் பொருந்திவிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் சொம்பைக் காட்டி ஆயா "நீள்ளு" என்றார், தெலுங்கில் தண்ணீர். மகள் அழுதேவிட்டார். அதுவரை பயிற்சியெல்லாம் தமிழில் மட்டும்தான் நடந்தது. அன்று சாயங்காலம் அதே சாவிக்கொத்தை எடுத்து, முதலில் "தாளஞ்செவி" என்றார் மகள், அப்புறம்தான் "சாவி".