பில்லுக்கு ஒரு முகவரி

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கணித டியூஷனுக்கு ஆப் எழுதியிருக்கிறாராம், வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் சிலர் பிட்கொயினில் கட்டலாமா என்கிறார்களாம். "ரெண்டு பேர் ஒரே தொகையை அனுப்பினா யார் கட்டினதுன்னு ஆப்புக்கு எப்படித் தெரியும் அண்ணே? வொலட் சாவிய சேர்வர்ல வைக்கவும் பயமா இருக்கு." வொலட் என்பது பிட்கொயினை நிர்வகிக்கும் மென்பொருள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். பிட்கொயின் போன்ற கிரிப்டோ தொழிலுக்கு யாருக்கும் உரிமம் கொடுக்கவில்லை என்று 2022 ஜூலையில் இலங்கை மத்திய வங்கி அறிவித்தது. விதிகள் மாறக்கூடியவை, இறங்குமுன் இன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். வங்கியில் காசு போட்டால் சிட்டையில் பெயர் எழுதலாம். பிட்கொயினில் வருவது தொகை மட்டும்தான், அனுப்பியவர் பெயர் எங்கும் இருக்காது. தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒருமுறை தேதி முடிந்து நாலு நாள் கழித்துக் கைக்கு வந்தது, ஏனென்றால் மேல் லயத்தில் என் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். ஆப்பில் இதற்கு வழி, ஒவ்வொரு பில்லுக்கும் புது முகவரி கொடுப்பது. 41ஆம் பில்லின் முகவரிக்குக் காசு வந்தால் 41 கட்டியாயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு முகவரிக்கும், அங்கே வந்த காசை எடுக்க, ஓர் இரகசியச் சாவி வேண்டும். அதையெல்லாம் சேர்வரில் வைத்தால், உள்ளே புகுந்தவன் ஒரே இரவில் வழித்துக்கொண்டு போய்விடுவான். சாவியே இல்லாத சேர்வர் புதுப் பூட்டுகளை, அதாவது முகவரிகளை, செய்ய வேண்டும், வீட்டிலிருக்கும் சாவி அத்தனையையும் திறக்க வேண்டும். இது நடக்காத காரியம் போலத்தான் தெரிகிறது. 2012இல் வந்த பிப் 32 (BIP 32) என்ற பிட்கொயின் முன்மொழிவு இதைத்தான் செய்கிறது, எனக்கு இதில் அப்படி ஒரு மோகம்.

மாசி மாதத்தில் சிவனொளிபாதமலை ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பனிமூட்டம். நீங்கள் நிற்கும் படி தெரிகிறது, அடிவாரத்திலிருந்து அது எத்தனையாவது படி என்று தெரியாது. அந்த எண்தான் இரகசியச் சாவி, நிற்கும் இடம் பொதுச் சாவி. சேர்வருக்கு இடம் மட்டும் தெரியும். 41ஆம் பில் வந்ததும் பொதுச் சாவி, கூடவே கொடுத்த ஒரு குறியீடு, 41 என்ற எண் மூன்றையும் ஹாஷ் சூத்திரத்தில், அதாவது எதைப் போட்டாலும் ஓர் எண்ணாக்கித் தரும் கணக்கில், போட்டு அரைக்கிறது. விடை 5 என்று வைத்துக்கொள்வோம். பனியிலேயே 5 படி ஏறி, போய்ச் சேர்ந்த இடத்தைப் புது முகவரியாக்குகிறது. வீட்டில் நீங்கள் அதே கணக்கைப் போட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த படி எண்ணுடன், அது 7 என்று வைத்துக்கொள்வோம், 5ஐக் கூட்டுகிறீர்கள். 12. அந்த இடத்தின் சாவி அதுதான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை!

நிஜ மலையில் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கிவிடலாம். இங்கே படி என்பது நீள்வட்ட வளைகோடு ஒன்றின் மேல் ஒரு புள்ளியைக் கூட்டுவது, எண்ணோ 78 இலக்கம் வரை போகும், திரும்பி எண்ண யாருக்கும் வழி தெரியாது. இந்த வளைகோடுகளைக் கணிதக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சும்மா ஆசைக்காகத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள். 1985இல்தான் கோப்லிட்ஸ், மில்லர் என்ற இரண்டு கணிதக்காரர்கள் தனித்தனியாக இதைப் பூட்டுக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். தூய கணிதத்துக்கு ஏன் காசு என்று கேட்கும் ஆட்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்படி ஒரே பொதுச் சாவியிலிருந்து 2,147,483,648 முகவரிகள் எடுக்கலாம். நம் லயக் காம்பிராக்களுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுப்பதற்குத்தான் நாட்டில் இத்தனை பாடு.

தம்பி, இரண்டு விஷயம் கவனம். அந்த 12 என்ற ஒற்றைச் சாவியை யாருக்காவது கொடுத்து, சேர்வரில் உள்ள பொதுச் சாவியும் குறியீடும் அவர் கையில் சிக்கினால், 12இலிருந்து 5ஐக் கழித்து உங்கள் 7ஐப் பிடித்துவிடுவார், அப்புறம் எல்லாப் பூட்டும் திறந்துவிடும். மற்றது, பலர் பில் போட்டுவிட்டுக் கட்டாமல் போவார்கள். பெரும்பாலான வொலட்டுகள் தொடர்ந்து 20 வெற்று முகவரிகளைப் பார்த்தால் தேடுவதை நிறுத்திவிடும், 21ஆவது ஆள் கட்டிய காசு கண்ணில் படாது. பதற வேண்டாம், அது பிட்கொயினின் பொதுக் கணக்கேடான சங்கிலியில் (பிளாக்செயின்) பத்திரமாகத்தான் இருக்கிறது, வொலட்டின் அமைப்பில் அந்த 20ஐ 200 ஆக்கினால் வந்து நிற்கும்.