புரதம் காட்டும் நிறங்கள்

முட்டை வெண்கருவை நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து, நீர்த்த மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலை ஓரிரு துளி விட்டுக் குலுக்கினால் சோதனைக்குழாயில் ஊதா நிறம் தோன்றும். இதுவே பையூரெட் சோதனை. யூரியாவைச் சூடாக்கும்போது உண்டாகும் பையூரெட் என்ற சேர்மமும் இதே நிறத்தைத் தருவதால் இப்பெயர் வந்தது. புரதத்தில் பையூரெட் இல்லை என்பதை மாணவருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்புகளால் கோக்கப்பட்ட சங்கிலி. சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் அப்பிணைப்பின் நைட்ரஜனிலிருந்து புரோட்டானைப் பறித்துவிட, அந்த நைட்ரஜன் அணுக்கள் தாமிர அயனியைச் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருந்தவரை வெளிர்நீலமாக இருந்த தாமிரம், இப்போது 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை வலுவாக உறிஞ்சுவதால் ஊதாவாகத் தெரிகிறது. குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்புகளாவது இருந்தால்தான் இது நிகழும் என்பதால், தனித்தனி அமினோ அமிலங்கள் பொதுவாக இந்நிறத்தைத் தருவதில்லை. மயில்துத்தம் மிகுந்துவிட்டால் தாமிர ஹைட்ராக்சைடின் நீலம் ஊதாவை மறைத்துவிடும்; துளித்துளியாக விடச் சொல்வது அதனால்தான். புரதம் கூடக்கூட நிறமும் அடர்வதால், இரத்தச் சீரத்தின் மொத்தப் புரதத்தை அளக்கவும் இதே வினை பயன்படுகிறது.

பையூரெட் சங்கிலியைக் காண்கிறது. அதில் கோத்த மணிகள் எவை என்று அறிய வேறு சோதனைகள் வேண்டும். அடர் நைட்ரிக் அமிலம் டைரோசின், டிரிப்டோஃபேன் ஆகிய அமினோ அமிலங்களின் வளையங்களில் நைட்ரோ தொகுதியைப் புகுத்தி மஞ்சள் நிறம் தரும். அமிலம் பட்ட தோல் மஞ்சளாவதும் இவ்வினையால்தான்.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது ஹாப்கின்ஸ்-கோல் சோதனை. புரதத்தோடு அசிட்டிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் ஊதா தோன்றும் என்பதை ஆடம்கீவிச் 1874-இல் கண்டிருந்தார். ஆனால் சில அசிட்டிக் அமில மாதிரிகளில் அந்நிறம் வரவேயில்லை. சோதனை செய்தவரின் கைத்தவறு என்று ஒதுக்காமல் காரணத்தைத் தேடிய ஃபிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸும் கோலும், நிறத்தைத் தருவது அசிட்டிக் அமிலமன்று, அதில் மாசாகக் கலந்திருந்த கிளையாக்சிலிக் அமிலமே என்று கண்டனர். புரதத்தின் எப்பகுதி அதனோடு வினைபுரிகிறது என்று தொடர்ந்து தேடியதில், 1901-இல் டிரிப்டோஃபேனையே முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர்.

ஆகவே ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியன்று. எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து கிடைக்கும் ஜெலட்டின் பையூரெட் சோதனையில் தெளிவான ஊதாவைத் தரும். ஹாப்கின்ஸ்-கோல் சோதனையில் நிறம் தராது. அது புரதமே, ஆனால் உடலால் ஆக்கிக்கொள்ள முடியாத டிரிப்டோஃபேன் அதில் இல்லை. மக்காச்சோளத்தின் சீன் (zein) என்ற புரதமும் அப்படிப்பட்டதே. அதை மட்டுமே புரதமாக உண்ட சுண்டெலிகள் விரைவில் இறந்ததையும், டிரிப்டோஃபேன் சேர்த்தபோது கூடுதல் நாள் வாழ்ந்ததையும் ஹாப்கின்ஸும் வில்காக்கும் 1906-இல் காட்டினர்.