தராசு இருக்கிறது, படிக்கல் இல்லை: நாய்க்குட்டி ஏன் கடிக்கிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பத்து நாளான நாய்க்குட்டி, விளையாடும்போது கையையும் துப்பட்டா நுனியையும் விடாமல் கடிக்கிறதாம். "மூக்கில் ஒரு தட்டு தட்டுங்கள், அடங்கிவிடும்" என்கிறார்களாம் பக்கத்து வீட்டில். தட்டலாமா என்று கேட்கிறார்.

தட்ட வேண்டாம். காரணம் குட்டியின் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும். ஒவ்வொன்றும் ஊசி. நம் குழந்தைகளைப் போலவே, கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் வயது அது. இதெல்லாம் குட்டி வளர்த்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஆசையான பகுதி இனிமேல்தான்.

ஆணி அடித்ததுபோல் பல் எலும்பில் இறுகியிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. மனிதரில் அதன் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். பல் அந்த நார்களில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. நார்களுக்கிடையே அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. பல் மயிரிழை அசைந்தாலும் போதும், எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் என்ற செய்தி கிளம்பிவிடும். சோற்றில் கல் கடிபடும்போது, 'கல்' என்று நாம் நினைப்பதற்குள் தாடை நின்றுவிடுகிறதே, அது இந்த ஏற்பாட்டின் வேலைதான்.

இதில் இன்னொரு அழகு உண்டு. உடலின் மற்ற இடங்களிலிருந்து தொடுவுணர்வைக் கொண்டுவரும் நரம்பணுக்களின் மையப் பகுதி, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சுகளாக இருக்கும். தாடைத் தசையிலிருந்தும் பல்லின் வேரிலிருந்தும் வரும் ஒரு கூட்டம் மட்டும் மூளைத் தண்டுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. தாடையை மூடும் தசைகளுக்கு உத்தரவு போடும் நரம்பணுக்கள் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. எலும்பை நொறுக்கும் அதே வாயால் தாய் நாய் தன் குட்டியைக் கீறாமல் கவ்வித் தூக்க முடிவதும் இவ்வளவு நுட்பமான உணர்வு அங்கே இருப்பதால்தான்.

ஆக, குட்டியின் வாயில் நல்ல தராசு இருக்கிறது. படிக்கல்தான் இல்லை. எவ்வளவு அழுத்தினால் எதிரிலிருப்பவருக்கு வலிக்கும் என்பது அதற்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுப்பவை கூடப்பிறந்த குட்டிகள். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். பால் குடிக்கும்போது கடித்தால் தாய் எழுந்து நடந்துவிடுவாள். செயலின் விளைவு அடுத்த செயலை மாற்றும் என்று 1898இல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் பூனைகளை வைத்துக் காட்டியது இங்கேயும் நடக்கிறது. நாய்க்குட்டிக்கு விளையாட்டைவிடப் பெரிய பரிசு இல்லை, அது நின்றுபோவதைவிடப் பெரிய நஷ்டமும் இல்லை.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் குறைவு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நாய்களைக் கவனித்த ஸ்காட்டும் ஃபுல்லரும், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி மற்றவர்களோடு பழகக் கற்கும் முக்கியமான பருவம் என்று 1965இல் எழுதினார்கள். இங்கேயோ முப்பது முப்பத்தைந்து நாளிலேயே குட்டியைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று 2017இல் வந்த மத்திய அரசின் விதி சொல்கிறது. வாங்குபவர்கள் கேட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். எங்கள் வீட்டுக் குட்டி முப்பத்தைந்தாவது நாளில் வந்தது. அதன் கூடப்பிறந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதை நாங்கள் சொல்லிக் கொடுத்து முடிக்க மூன்று மாதம் ஆனது.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். பல் அழுந்திய அந்த நொடியே விளையாட்டை நிறுத்துங்கள். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் அதுவும் ஒரு விளையாட்டாகிவிடும். சத்தம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். விடவில்லையென்றால் இருபது நொடி அறையை விட்டு வெளியே போங்கள். அப்புறம் திரும்பி வந்து, கைக்குப் பதில் ஒரு கயிற்றுப் பொம்மையைக் கொடுத்து விளையாடுங்கள். முதலில் பலமான கடிக்கு மட்டும் நிறுத்துங்கள், அது குறைந்த பிறகு லேசான கடிக்கும். நடுவில் சில நாள் கடி கூடும். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காதபோது குட்டி இன்னும் வேகமாக முயல்வது இயல்பு. அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் பாடம் குலைந்துவிடும். தூக்கம் போதாத குட்டி கூடுதலாகக் கடிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

மூக்கில் தட்டினால் என்ன ஆகும்? எவ்வளவு அழுத்தலாம் என்று அந்த அடி சொல்லாது. கை அருகே வந்தால் வலிக்கும் என்று மட்டும் சொல்லும். பயந்த நாய் நாளைக்குக் கையைத்தான் முதலில் கடிக்கும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தோல் கிழிந்தால் "குட்டிதானே" என்று விடாதீர்கள், குட்டிக்கும் வெறிநோய் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைப்பது, மந்திரிப்பது என்று நாளைக் கடத்தி உயிரை விட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

நம் நாய்களைப் பற்றிய ஆய்வுக்கு இங்கே இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கொல்கத்தாவில் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களின் நடத்தையைப் பொறுமையாக ஆராய்ந்து வருகிறது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் குட்டிகள் எப்படி விளையாடுகின்றன என்று பார்க்க நம் ஊரிலும் அப்படி ஒரு குழு வேண்டாமா?

மதுரை வாசகிக்கு: நான்காவது மாதம் தொடங்கி பால்பற்கள் விழும். பெரும்பாலானவற்றைக் குட்டியே விழுங்கிவிடும், ஒன்றிரண்டு மட்டும் அரிசிமணிபோலத் தரையில் கிடைக்கும். ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும், தாடைக்கும் பலம் ஏறும். அதற்குள் படிக்கல்லைக் கொடுத்துவிடுங்கள்.