குவானோ: கடற்பறவை எச்சம்

கடற்பறவைகள் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் தீவுகளில் பாறைமேல் படியும் எச்சம்தான் குவானோ. ஆண்டீஸ் மலைமக்களின் கெச்சுவா மொழியில் 'வானு' என்றால் எரு. ஸ்பானியர் வாயில் அது குவானோ ஆனது. மரபணுவில் உள்ள குவானினுக்குக்கூட இதிலிருந்துதான் பெயர் வந்தது. முதலில் அதைப் பிரித்தெடுத்தது குவானோவிலிருந்து.

பெருவின் சிஞ்சா தீவுகளில் மழை அபூர்வம். நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் இட்ட எச்சம் கரைந்து ஓடாமல், தழைச்சத்து குறையாமல், பல மீட்டர் உயரத்துக்குக் காய்ந்து இறுகிக் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டு போனார்கள். எந்த நாட்டின் ஆளுகையிலும் இல்லாத, ஆளில்லாத குவானோ தீவைக் கண்டுபிடித்தால் அதற்கு உரிமை கோரலாம் என்று 1856இல் அமெரிக்கா சட்டமே போட்டது. அன்று தீவு தேடிப் போனவர்களுக்கு எரு போதும். பறவை எக்கேடு கெட்டாலும் கவலையில்லை.

இன்று அதே எச்சம் பறவைகளைக் காட்டிக்கொடுக்கிறது, நல்ல விதமாக. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர்; பென்குயின் எங்கே தெரியப்போகிறது? ஆனால் கிரில் என்ற இறால் போன்ற சிறு கடலுயிரியைத் தின்ற பென்குயின்களின் எச்சம் பாறையில் இளஞ்சிவப்பாகப் பரவிக் கிடப்பது தெரியும். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் வடமுனை அருகே, கடற்பனி சூழ்ந்த டேஞ்சர் தீவுகளில் அப்படியொரு கறை கண்ணில் பட்டது. 2015இல் நேரில் போய், தரையிலும் டிரோன் வழியாகவும் எண்ணினார்கள். 2018இல் வெளியான கணக்கு: 7,51,527 ஜோடி அடேலி பென்குயின்கள். இவ்வளவு பெரிய கூட்டம் அதுவரை யார் கணக்கிலும் இல்லை!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு இலத்தி என்று பிரித்துச் சொல்லும் தமிழில் பறவைக்கும் பல்லிக்கும் எச்சம். எஞ்சு என்ற வினையிலிருந்து வந்த சொல். மிஞ்சி நிற்பது என்று பொருள். பெயரெச்சம், வினையெச்சத்தில் இருப்பதும் இதுவே. ஆனால் வானுவில் உள்ள எருப் பொருள் எச்சத்தில் இல்லை. அதனால் வணிகப் பொருளைச் சொல்லும்போது 'எச்சவுரம்' என்றும், செயற்கைக்கோள் படத்தில் தெரிவதை 'எச்சக்கறை' என்றும் எழுதலாம். குகைகளில் சேரும் வௌவால் எச்சத்தையும் குவானோ என்றே சொல்வதால், 'கடற்பறவை' என்ற அடைமொழியை மட்டும் விட்டுவிடக் கூடாது.